தாத்தாவின் ஊர் எந்தத் தாளில் இருக்கிறது?

வாசகர் கேள்வி: நான் சேலம் அம்மாப்பேட்டையில் வசிக்கிறேன். எங்கள் தாத்தா சேர்வராயன் மலையில் பிறந்தவர், மலையாளிப் பழங்குடியினர். 1950-களில், அப்பா சிறுவனாக இருந்தபோது, குடும்பம் மலையை விட்டு இறங்கிவிட்டது. தாத்தாவும் அப்பாவும் இன்று இல்லை. எண்பது வயதைக் கடந்த அத்தை ஒருவர் இருக்கிறார். ஊரின் பெயர் ‘பாடி’ என்று முடியும் என்றும், சேர்வராயன் கோயிலிலிருந்து சூரியன் உதிக்கும் பக்கமாக இரண்டு மணி நேரம் நடந்தால் ஊர் வந்துவிடும் என்றும் அவர் சொல்கிறார். கைப்பேசி வரைபடத்தில் எவ்வளவு தேடியும் அந்தப் பெயரில் ஊர் இல்லை. அரசின் பழைய சர்வே வரைபடங்களில் அது கிடைக்குமா? அவற்றை எங்கே பெறுவது? கிடைத்தால், எங்கள் பூர்வீகத்துக்கு அதைச் சான்றாகக் காட்டலாமா?

பதில்:

அன்புடையீர்,

ஊரின் முழுப் பெயரை நீங்கள் கடிதத்தில் எழுதியிருந்தாலும், குடும்பத்தின் அடையாளம் கருதி அதை இங்கே வெளியிடாமல் விடுகிறேன். நில அளவைப் பணியில் இருந்தவன் என்ற முறையில், பூர்வீகம் தேடி வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்: வரைபடத்தில் ஊர்ப்பெயரைத் தேடாதீர்கள், ஊருக்குப் போன தடத்தையும், ஊர் குடித்த தண்ணீரையும் தேடுங்கள். மலையில் பத்துப் பதினைந்து வீடுகள் கொண்ட குடியிருப்பு இடம் மாறும், பெயர் மாறும், பக்கத்து ஊரோடு சேர்ந்து மறைந்தும் போகும். ஓடையும் முகடும் கோயிலும் அவ்வளவு எளிதில் நகர்வதில்லை. உங்கள் அத்தை சொன்ன ‘சூரியன் உதிக்கும் பக்கம், இரண்டு மணி நேர நடை’ என்ற ஒரு வரி, அந்தப் பெயரைக் காட்டிலும் எனக்கு அதிகமாக உதவுகிறது.

ஆகவே எந்த அலுவலகத்துக்கும் போவதற்கு முன்பு, அத்தையோடு உட்கார்ந்து பேசுங்கள். ‘நம்ம ஊர் எங்கே இருந்தது?’ என்று கேட்டால் பெயரைத்தான் மறுபடியும் சொல்வார். சந்தைக்கு எந்தப் பக்கம் இறங்கினார்கள் என்று கேளுங்கள். சேர்வராயன் மலையைப் பொறுத்தவரை இந்த ஒரு கேள்வியே மலைச்சரிவைத் தீர்மானித்துவிடும். பொம்மிடிப் பக்கம் இறங்கினார்கள் என்றால் வடக்குச் சரிவு. காடையாம்பட்டி, டேனிஷ்பேட்டைப் பக்கம் என்றால் மேற்கு. குப்பனூர் வழியாக இறங்கினார்கள் என்றால் தென்கிழக்கு. ஊர் ஓடை கீழே போய் எந்த ஆற்றில் சேர்ந்தது என்பதும் அத்தகைய கேள்வியே. இந்த மலையிலிருந்து வாணியாறு அரூர் பக்கமும், சரபங்கா நதி ஓமலூர் பக்கமும், திருமணிமுத்தாறு சேலம் பக்கமும் செல்கின்றன. அடுத்ததாக, பெண் கொடுத்த ஊர், பெண் எடுத்த ஊர், சாவுக்குச் சொல்லி அனுப்பிய ஊர் ஆகியவற்றைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் நடந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் வீட்டு வாசலில் நின்றால் வெயில் முதலில் எந்த மேட்டில் விழும் என்று கேட்டுப் பாருங்கள். மலையில் பிறந்தவர்கள் அதை மறப்பதில்லை. இடையில் திருத்தாமல், அவர் வாயில் வரும் உச்சரிப்பிலேயே கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள்.

இனி வரைபடத்துக்கு வருவோம். மேடு பள்ளம், ஓடை, தடம், ஊர் எல்லாவற்றையும் காட்டும்படி இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட தலப்படங்களை அலுவலகங்களில் டோப்போ ஷீட் என்றே சொல்வோம். நாடு முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். ஏற்காடும் சேர்வராயன் கோயிலும் 58 ஐ/1 (ஆங்கிலத்தில் 58 I/1) என்ற தாளில் வருகின்றன. சேலம் நகரம் அதற்குத் தெற்கே 58 ஐ/2. மலையின் கிழக்குப் பகுதி 58 ஐ/5, தென்கிழக்கு அடிவாரம் 58 ஐ/6. ஒவ்வொரு தாளும் கால் பாகை நீளம், கால் பாகை அகலம் கொண்டது. உங்கள் தேடலில் இது முக்கியமாகிறது. 58 ஐ/1 தாளின் கிழக்கு ஓரம் 78 பாகை 15 நிமிடத் தீர்க்கக் கோடு. சேர்வராயன் கோயிலிலிருந்து அந்த ஓரத்துக்கு நேர்க்கோட்டில் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர்தான். கோயிலிலிருந்து கிழக்கே இரண்டு மணி நேரம் நடந்தால் வரும் ஊர், தாளின் விளிம்பிலோ, அடுத்த தாளின் மேற்கு ஓரத்திலோ விழக்கூடும். ஒரே தாளை மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டு ‘ஊர் இல்லை’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 58 ஐ/1, 58 ஐ/5 இரண்டையும் ஒட்டவைத்துப் பாருங்கள். விளிம்பில் ஊர்ப்புள்ளி ஒரு தாளிலும் ஊர்ப்பெயர் மறு தாளிலும் அச்சாகி இருப்பதும் உண்டு.

இரண்டு மணி நேரத்தைத் தாளில் எப்படி அளப்பது? மலைத்தடத்தில், ஏற்ற இறக்கத்தோடு, தலையில் சுமையுடன் நடக்கிறவர் மணிக்கு இரண்டு முதல் இரண்டரைக் கிலோமீட்டர் நடப்பதாகக் கொள்ளுங்கள். ஆக நான்கிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தடம். பழைய தலப்படம் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வரையப்பட்டது. அதில் இந்தத் தூரம் இரண்டரை முதல் மூன்று அங்குலம். விடுதலைக்குப் பின் வந்த மெட்ரிக் தாள்களின் அளவு 1:50,000. அதில் ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர், எனவே எட்டு முதல் பத்து சென்டிமீட்டர். ஆனால் ஸ்கேலை வைத்து நேராக அளக்கக் கூடாது. ஒரு நூலை எடுத்து, கோயிலிலிருந்து கிழக்கே பிரியும் ஒற்றையடித் தடத்தின் வளைவுகளின் மீது அப்படியே படியவைத்து, பிறகு நூலை நீட்டி அளக்க வேண்டும். கிழக்கே பிரியும் தடம் ஒன்றுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றிலும் நூல் முடியும் இடத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டமிட்டு, அந்த வட்டங்களுக்குள் வரும் ஓடைகளையும் குடியிருப்புகளையும் மட்டும் பட்டியலிடுங்கள். அத்தை சொன்ன சந்தை வழியும், பெண் எடுத்த ஊரின் திசையும் ஒத்துவராத வட்டங்கள் தாமே விலகிவிடும்.

எந்தப் பதிப்பு வேண்டும் என்பதில் பலர் கவனக்குறைவாக இருக்கிறார்கள். தாளின் தலைப்பில் உள்ள வெளியீட்டு ஆண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஓரக்குறிப்பில் கள அளவை நடந்த ஆண்டு தனியாக இருக்கும். பழைய கள அளவையின் மீது சாலையையும் ரயில் பாதையையும் மட்டும் புதிதாகச் சேர்த்து, புதிய ஆண்டு போட்டு மறுபதிப்பு செய்த தாள்கள் ஏராளம். உங்கள் குடும்பம் இறங்கியது 1950-களில் என்பதால், அதற்கு முந்தைய கள அளவையில் தயாரான ஓர் அங்குலத் தாள் ஒன்றும், அதற்குப் பிந்தைய 1:50,000 தாள் ஒன்றுமாக இரண்டு தேவை. முன்னதில் இருந்து பின்னதில் காணாமல் போன குடியிருப்புகளே உங்கள் தேடலின் எல்லை. உயரங்களை ஒப்பிடும்போது அலகையும் பாருங்கள்: பழைய தாளில் அடி, புதிய தாளில் மீட்டர். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சியை 5,326 அடி என்று சொல்வதும் 1,623 மீட்டர் என்று சொல்வதும் ஒன்றே.

குறியீடுகளில் உங்களுக்கு வேண்டியவை சில. நிலையான குடிசைக்கும் தற்காலிகக் குடிசைக்கும் தனித்தனிக் குறி உண்டு. மக்கள் வாழும் ஊரைச் சிவப்பு நிரப்பிய கட்டங்களாகவும், கைவிடப்பட்ட ஊரை உள்ளே நிரப்பாத வெறும் கோட்டுக் கட்டங்களாகவும் காட்டுவார்கள். உங்கள் ஊர் இரண்டாவது வகையில் இருக்க வாய்ப்பிருக்கிறது. பொதிமாடும் கழுதையும் போகும் தடம் வேறு, ஒற்றையடிப் பாதை வேறு. கோயில், கல்லறை, கிணறு ஆகியவற்றுக்கும் குறிகள் உள்ளன. குறிவிளக்கத்தில் நிர்வாகப் பெயர்களுக்கு ஒரு எழுத்து வடிவமும், வட்டாரப் பெயர் அல்லது பழங்குடிப் பெயருக்கு வேறு எழுத்து வடிவமும் கொடுத்திருப்பார்கள். தாளின் குறுக்கே அகலமாகப் பரவி எழுதப்பட்ட பெயர் ஒரு ஊரைக் குறிப்பதில்லை, ஒரு வட்டாரத்தைக் குறிக்கிறது. இதைத் தெரியாமல், அந்தப் பெயரின் முதல் எழுத்து இருக்கும் இடத்தில் ஊரைத் தேடிக் களைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தாளில் ஒன்றும் இல்லாத இடம், நிலத்தில் ஒன்றும் இல்லாத இடம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் 1820-களில் காப்பிச் செடியை இந்த மலைக்குக் கொண்டுவந்தார். அதன்பிறகு எழுந்த தோட்டங்களின் பங்களாக்களையும் எஸ்டேட் பெயர்களையும் வரைபடம் தாராளமாகப் பதிவு செய்திருக்கிறது; அதே சரிவில் நான்கைந்து தலைமுறையாக இருந்த குடிசைகளுக்கு ஒரு புள்ளி கிடைத்தாலே அதிகம். வரைபடம் வரையப்பட்டது வரி வசூலுக்கும் படைக்கும் வன நிர்வாகத்துக்கும். 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு ஒதுக்குக் காடுகளின் எல்லை தாள்களில் புள்ளிக்கோடாக ஓடத் தொடங்குகிறது. உங்கள் வட்டம் அந்தக் கோட்டுக்கு உள்ளே விழுகிறதா, வெளியே விழுகிறதா என்று பாருங்கள். உள்ளே விழுந்தால், உங்கள் குடும்பத்தின் பெயர் வருவாய்த் துறைப் பதிவுகளில் இல்லாமல் வனத்துறைக் கோப்புகளில் இருக்கக்கூடும்.

பெயர் எழுதப்பட்ட விதத்தைப் பற்றிச் சுருக்கமாக. தாள்களில் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. அளவையாளர் பெரும்பாலும் வெளியூர்க்காரர். வழிகாட்டியாக வந்தவர் சொன்னதைக் காதில் விழுந்தபடி எழுதினார். ‘பாடி’ ‘பட்டி’யாகியிருக்கும், ‘பட்டி’ ‘பாடி’யாகியிருக்கும், பகரமும் தகரமும் டகரமும் இடம் மாறியிருக்கும். ஆகவே நீங்கள் வைத்திருக்கும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தும் ஊரை எதிர்பார்க்க வேண்டாம். அத்தையின் ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே தாளில் உள்ள பெயரை உரக்கப் படித்துப் பாருங்கள்.

பழைய தாளைக் கணினியில் இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மீது பொருத்திப் பார்க்க விரும்பினால், கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். ஆனால் தாளின் விளிம்பில் அச்சிட்ட தீர்க்கக் கோடுகளை அப்படியே நம்பிப் பொருத்தாதீர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்தியத் தாள்கள் சென்னை வானாய்வகத்தின் பழைய தீர்க்க மதிப்பை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றில் ஏறத்தாழ இரண்டரை நிமிடம் கழிக்க வேண்டும் என்ற குறிப்பு ஓரத்தில் இருக்கும். நம் அட்சரேகையில் அது சுமார் நாலரை கிலோமீட்டர். கவனிக்காமல் விட்டால், உங்கள் ஊர் அத்தையின் கணக்கில் இரண்டு மணி நேர நடைக்குக் கிட்டத்தட்ட நிகரான தூரம் கிழக்கே தள்ளிப்போய், வேறொரு பள்ளத்தாக்கில் போய் விழும். பிற்காலத் தாள்களிலும் பூமியின் வடிவத்துக்குக் கொண்ட கணக்கு வேறு என்பதால் சில நூறு மீட்டர் வரை பிசகும். எனவே விளிம்பை விட்டுவிட்டு, இரண்டு படங்களிலும் சந்தேகமின்றித் தெரியும் இடங்களை வைத்துப் பொருத்துங்கள்: சேர்வராயன் கோயில், பழைய மாதா கோயில்கள், முக்கோண அளவைக் கல் நட்ட உச்சிகள், ஓடைகள் கூடும் இடங்கள். சாலை வளைவுகளைப் பயன்படுத்த வேண்டாம். அவை பலமுறை திருத்தி அமைக்கப்பட்டவை. பாக்ஸைட் வெட்டி எடுத்த மேடுகளையும் தவிர்த்துவிடுங்கள். அங்கே நிலத்தின் உருவமே மாறிவிட்டது.

தாள்கள் கிடைக்கும் இடத்தைக் கேட்டிருந்தீர்கள். இன்றைய பதிப்புகளை இந்திய நில அளவைத் துறை தன் இணையதளத்தில் தருகிறது. சென்னையில் அதன் அலுவலகமும் இருக்கிறது. புதிய வரிசைத் தாள்களுக்கு எண்முறை மாறிவிட்டது என்பதால், பழைய 58 ஐ எண்ணையும் சொல்லிக் கேளுங்கள். பழைய பதிப்புகளுக்குப் புதுதில்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம், இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகம் ஆகியவை முதன்மையானவை. 1950-களில் அமெரிக்க இராணுவ வரைபடப் பிரிவு 1:2,50,000 அளவில் வெளியிட்ட தாள்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. குக்கிராமம் தேட அந்த அளவு போதாது, மலைக்கும் சந்தைக்கும் இடையிலான வழிகளைப் புரிந்துகொள்ள உதவும். அலைவதற்கு முன், நிலவியல் அல்லது புவியியல் துறை உள்ள பழைய கல்லூரிகளில் கேட்டுப் பாருங்கள். மாணவர் பயிற்சிக்காக வாங்கிய பழைய தாள்கள் அலமாரிகளில் கிடக்கக்கூடும்.

தலப்படம் இடத்தைத்தான் தரும். ஆட்களின் பெயரைத் தராது. இடம் ஓரளவு உறுதியானதும், அது எந்த வருவாய்க் கிராமத்துக்குள் அடங்குகிறது என்று ஏற்காடு வட்டாட்சியர் அலுவலகத்தில் தெரிந்துகொள்ளுங்கள். வாழவந்தி, நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம், மஞ்சக்குட்டை என்று நாம் இன்று சொல்லும் கிராமங்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் பல குக்கிராமங்கள் அடக்கம். கிராமம் தெரிந்துவிட்டால் அதன் கிராம வரைபடம், ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவுகளைக் காட்டும் புலப்படம், நிலத்தின் பரப்பையும் உரிமையாளரையும் பதிந்த அ-பதிவேடு ஆகியவற்றுக்கு மனுச் செய்யலாம். நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க 1980-களை ஒட்டி நடந்த யூ.டி.ஆர். பணிக்குப் பிறகு பல இடங்களில் சர்வே எண்கள் உட்பிரிவாகி மாறியுள்ளன. ஆகவே பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள ஒப்பீட்டுப் பதிவேட்டையும் சேர்த்துக் கேளுங்கள். அதற்கும் முந்தைய நிலவரித் திட்டப் பதிவேடுகளைச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். மாவட்டப் பெயரிலும் விழிப்பு வேண்டும்: தருமபுரி 1965-இலும், நாமக்கல் 1997-இலும் பிரியும் வரை எல்லாம் சேலம் ஜில்லாவே, வடக்குச் சரிவில் இறங்கிய உறவினர்களின் பழைய காகிதங்கள் சேலம் தலைப்பிலேயே இருக்கும். தாத்தாவோ அவருடைய சகோதரர்களோ தோட்ட வேலைக்குப் போயிருந்தால் எஸ்டேட்டில் வேலையாட்களின் வருகையையும் கூலியையும் பதியும் செக்ரோல் புத்தகமும், அப்பா மலையில் பள்ளியில் சேர்ந்திருந்தால் சேர்க்கைப் பதிவேடும், பட்டாவை விட விரைவாகப் பெயரைக் கொடுக்கலாம்.

சமூகத்தைப் பற்றிய பழைய நூல்களில் இரண்டை உங்களுக்குப் பரிந்துரைப்பேன். லெ ஃபானு எழுதிய 1883-ஆம் ஆண்டுச் சேலம் மாவட்டக் கையேடும், ரிச்சர்ட்ஸ் எழுதிய 1918-ஆம் ஆண்டுச் சேலம் கெசட்டியரும் இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன. சேர்வராயன் மலை ‘நாடு’ எனப்படும் மூன்று வட்டாரப் பிரிவுகளாகப் பிரிந்திருந்ததை நீங்கள் பார்க்கலாம்: சேலநாடு, மோகநாடு, முட்டநாடு. உங்கள் குடும்பம் எந்த நாட்டைச் சேர்ந்தது என்று அத்தைக்குத் தெரிந்திருந்தால், தேடல் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்களில் பெரியவர் சேர்வராயன் மலைக்கும், நடுவர் பச்சைமலைக்கும், இளையவர் கொல்லிமலைக்கும் போனதாகச் சொல்லும் மரபுக் கதையும் பதிவாகியிருக்கிறது. அதைக் குடும்ப மரத்தின் மேல் கிளையாக வரைந்து ஆண்டு போட்டுவிடும் ஆசை பலருக்கும் வருகிறது, வேண்டாம். கதையைக் கதையாகத் தனித்தாளில் எழுதிவையுங்கள். குடும்ப மரத்தில், ஆவணத்திலோ நேரில் அறிந்தவர் வாக்கிலோ உறுதியான பெயர்கள் மட்டும் இருக்கட்டும். எது எதிலிருந்து வந்தது என்பதை ஒவ்வொரு பெயருக்கும் கீழே குறியுங்கள்.

கடைசிக் கேள்வி சான்று பற்றியது. சாதிச் சான்றிதழுக்காகத்தான் கேட்கிறீர்கள் என்றால், தலப்படம் அதற்கு நேரடியாக உதவாது. ஓர் இடத்தில் ஊர் இருந்தது என்பதை அது காட்டும். அந்த ஊரில் யார் இருந்தார்கள் என்பதைக் காட்டாது. பழங்குடியினர் சான்றிதழை வழங்கும் அதிகாரம் வருவாய்க் கோட்டாட்சியருக்கு. அங்கே இரத்த உறவினரின் சான்றிதழ், பள்ளிப் பதிவு, நிலப் பதிவு ஆகியவற்றோடு சேர்த்து, குடும்பம் எந்த ஊரிலிருந்து இறங்கியது என்ற விளக்கத்துக்குத் துணையாக மட்டும் வரைபட நகலை இணைக்கலாம். வன உரிமைச் சட்டத்தின் நிலை வேறு. 2006-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்துக்கான விதிகளில் 13-ஆவது விதி, ஏற்கத்தக்க சான்றுகளில் கெசட்டியர், நில அளவை ஆவணம், வரைபடம் ஆகியவற்றையும், பழைய பதிவுகளில் இடம்பெற்ற ஒருவரோடு தொடர்பு காட்டும் வம்சாவளியையும் குறிப்பிடுகிறது. கிணறு, இடுகாடு, வழிபாட்டு இடம் போன்ற நிலத்து அடையாளங்களும் அதில் அடங்கும். ஆனால் அந்த உரிமை 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து அந்த நிலத்தில் இருந்து வருபவர்களுக்கு. 1950-களிலேயே இறங்கிவிட்ட உங்கள் கிளைக்கு அது பொருந்துவது கடினம். மலையிலேயே தங்கிவிட்ட பங்காளிகள் இருந்தால், நீங்கள் திரட்டும் தாள்களும் வம்சாவளியும் அவர்கள் கிராம சபையில் வைக்கும் மனுவுக்குப் பயன்படும். அவர்களுக்கு ஒரு நகல் கொடுங்கள்.

அத்தை சொல்லும் சந்தைப் பெயர், ஓடையின் போக்கு, நாட்டின் பெயர் ஆகிய மூன்றையும் எழுதி அனுப்பினால், இரண்டு தாள்களிலும் எந்தெந்த வட்டங்கள் மிஞ்சுகின்றன என்பதை நானும் பார்த்து எழுதுகிறேன்.